ரிஜிட் ஆக்ஸில் வண்டிகளில் முன்பக்க ஆட்டம்: தளர்ந்த ஸ்டீயரிங் பாகங்களைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மாருதி ஜிப்சி, வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகள், 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி, ஜீப் ராங்லர் ஆகியவை வயதிலும் விலையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வண்டிகள். ஆனால் இவற்றின் முன் சக்கரங்கள் இரண்டும், ரிஜிட் ஆக்ஸில் எனப்படும் ஒரே இரும்பு ஆக்ஸிலின் இரு முனைகளில் பூட்டப்பட்டிருப்பதால், ஒரே கோளாறு இவை எல்லாவற்றுக்கும் வரக்கூடும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது ஒரு சக்கரம் பாலத்தின் இணைப்புப் பள்ளத்தில் இறங்கி ஏறும். அடுத்த நொடியே ஸ்டீயரிங் கையில் நிற்காமல் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். டேஷ்போர்டும் பானெட்டும் சேர்ந்து அதிரும். வேகத்தை வெகுவாகக் குறைத்தாலொழிய அந்த உதறல் அடங்காது. ஒர்க்‌ஷாப்பில் இதை வாப்ளிங் என்பார்கள்.

இதற்கு உடனடி மருந்தாக, உதறலைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற ஸ்டீயரிங் டேம்பரை மாற்றச் சொல்பவர்களே அதிகம். புதிய டேம்பர் போட்டதும் ஆட்டம் குறைவது உண்மைதான். ஆனால் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே இருப்பதால், டேம்பர் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கி விரைவில் ஓய்ந்துபோகும். ஆட்டம் திரும்பி வரும்போது பழைய பாகம் முன்னைவிட மோசமாகியிருக்கும். ஆகவே, இங்கே சொல்லப்படும் வரிசையில் டேம்பர் கடைசியில்தான் வருகிறது. முதலில் செய்ய வேண்டியது, எந்த இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிப்படுத்துவது.

ஆட்டம் உருவாகும் விதம்

தேய்மானம் நிகழும் இடமும் அது வெளிப்படும் இடமும் வேறு என்பதால்தான் உரிமையாளர்கள் குழம்புகிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் கல்லிலும் பள்ளத்திலும் ஏறக்குறைய ஆள் நடக்கும் வேகத்தில் உருளுகின்றன. ஒவ்வொரு கல்லும் இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனையான டை ராடு எண்டையும், போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷையும் பக்கவாட்டில் இடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் சக்கரம் உதற வாய்ப்பே இல்லை. அதே வண்டி போடிமெட்டு இறங்கித் தேனி சாலையில் வேகம் பிடிக்கும் நாளில்தான், மலையில் சேர்ந்த தளர்ச்சி முழுவதும் ஸ்டீயரிங்கில் தெரியவரும். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சிகளுக்கும் இது பொருந்தும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பது முன்பக்கப் பாகங்கள் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்றாகாது.

வேகமாகச் சுழலும் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆக்ஸிலின் ஒரு பக்கம் மேடேறி ஆக்ஸில் சாயும்போது, சுழலும் சக்கரம், தான் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னைச் சுற்றித் திரும்ப முயலும். அப்படித் திரும்பும்போது ஆக்ஸிலை மறுபக்கம் சாய்க்க முயலும். இரு சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் இருப்பதால் ஒன்றின் அசைவு மற்றதையும் அசைக்கும். இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் அவற்றின் உராய்விலேயே இந்த அசைவு ஓரிரு சுற்றில் அடங்கிவிடும். இடைவெளி இருந்தால் சக்கரம் அந்த இடைவெளிக்குள் தடையின்றி ஓடி, முனையில் மோதி, எதிர்த்திசையில் துள்ளும். ஓர் இணைப்பில் அரை மில்லிமீட்டர் தளர்ச்சி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரப் பக்கம் கொண்டுசெல்லும் கம்பியான டிராக் லிங்கின் இரு முனை, டை ராடின் இரு முனை என்று அது கூடிக்கொண்டே போய், சக்கரத்தின் விளிம்பில் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும். வீல் பேலன்ஸ் கெட்டிருப்பது தீக்குச்சி என்றால், தளர்ந்த இணைப்புகள் வைக்கோல் போர். பேலன்சிங் மட்டும் செய்துவிட்டு ஆட்டம் போய்விட்டது என்று நிம்மதியடைபவர்கள், தீக்குச்சியை மட்டும் அகற்றியிருக்கிறார்கள்.

சாலையில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெருவிரல்கள் வளையத்தின் உட்புறம், கம்பிகளுக்கு இடையே இருக்கக் கூடாது, ஏனெனில் வேகமாகத் திரும்பும் கம்பி விரலை முறித்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, திடீரென்று பிரேக்கை மிதிக்காமல், பின்னால் வருபவர்களைக் கவனித்தபடி இடது ஓரத்துக்கு வந்து நிறுத்த வேண்டும். வேகம் கூட்டினால் தாண்டிவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். நிறுத்தியதும் நான்கு சக்கர நட்டுகளையும் சோதிக்க வேண்டும். அவை இறுக்கமாகவே இருந்தாலும், காரணம் தெரியும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டக் கூடாது.

எல்லா அதிர்வும் ஒரே கோளாறு அல்ல

கருவியை எடுப்பதற்கு முன், வண்டி எப்போது, எந்த வேகத்தில், எதைச் செய்யும்போது அதிர்கிறது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள், மேடு பள்ளம் இல்லாத சாலையிலும் மெல்லிய அதிர்வு சீராக இருந்து, அந்த வேகத்தைக் கடந்ததும் குறைந்தால், அது பெரும்பாலும் டயர் அல்லது ரிம் சார்ந்தது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். 20, 30 கிலோமீட்டர் வேகத்திலேயே மூக்கு பக்கவாட்டில் ஆடினால், டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டையான பெல்ட் பிரிந்திருக்கலாம் அல்லது ரிம் வளைந்திருக்கலாம். நேர்ச்சாலையில் வண்டி அலைந்து, ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் கிங் பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான காஸ்டர் கோணமோ, ஸ்டீயரிங் தண்டின் முனையில் உள்ள கியர் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸோ சந்தேகத்துக்குரியவை. ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் ஒருமுறை ஒரு பக்கம் வெட்டிவிட்டு அமைதியானால், அது கோணம் சார்ந்த கோளாறு. உயர்த்தப்பட்ட வண்டிகளில் சகஜம். பள்ளத்தில் தூண்டப்பட்டு, தானே தொடர்ந்து வளரும் உதறலே இந்தக் கட்டுரையின் பொருள்.

தொடக்கம் டயரிலிருந்து

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. சேற்றுப் பாதையிலிருந்து திரும்பிய வண்டியின் ரிம்முக்குள், பிரேக் பக்கமாக, கைப்பிடி அளவு களிமண் காய்ந்து ஒட்டியிருந்தால் போதும். எவ்வளவு துல்லியமாகச் செய்த பேலன்சிங்கும் வீணாகிவிடும். உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்த்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடுகின்றன. மணலுக்காகக் காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்கியவர்கள், திரும்பும்போது ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் நிரப்பிவிடுவதும் உண்டு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவின்படி இரு முன் டயர்களிலும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும்.

பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் மெல்லச் சுற்றி, ஒரு நிலையான பொருளுக்கு எதிரே டயரின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். விளிம்பு மேலும் கீழும் ஏறியிறங்கினாலோ, ஓரிடத்தில் டிரெட் புடைத்திருந்தாலோ அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஐயம் இருந்தால் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டலாம். அதிர்வு ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு நகர்ந்தால் குற்றவாளி டயரே.

பெரிய டயர் பற்றி ஒரு சொல். ஜிம்னியில் நிறுவனம் தரும் 195/80 ஆர்15 அளவை விட்டு 215/75 ஆர்15 மட் டெரெய்ன் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. தோற்றம் கம்பீரமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கனமான டயர் ஒவ்வோர் இணைப்பின் மீதும் கூடுதல் விசையைச் செலுத்துகிறது. அதோடு வெளியே தள்ளியிருக்கும் ரிம்மோ ஸ்பேசரோ சேர்ந்தால், சக்கரம் கிங் பின்னிலிருந்து மேலும் விலகி, ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் நெம்புகோல் போட்டதுபோல ஸ்டீயரிங்குக்குக் கடத்தும். டயர் மாற்றிய பிறகுதான் ஆட்டம் வந்தது என்று சொல்பவர்களின் வண்டியில், தளர்ச்சி அதற்கு முன்பே இருந்திருக்கும். சிறிய டயர் அதை வெளிக்காட்டாமல் வைத்திருந்தது.

எடை சக்கரத்தின் மீது இருக்கும்போதே பார்க்க வேண்டிய சோதனை

முன்பக்கக் கோளாறு அனைத்துக்கும் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. இதற்குத் தேவையானவை ஓர் உதவியாளரும் ஒரு டார்ச் விளக்கும் மட்டுமே. சமதரையில், எடை முழுவதும் சக்கரங்களின் மீது இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால் இணைப்புகளின் மீதான விசை போய்விடும், தளர்ச்சியும் மறைந்துகொள்ளும். ஸ்டீயரிங் டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிடுவது நல்லது, ஏனெனில் டேம்பர் சிறிய இடைவெளிகளைப் பூசி மறைத்துவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் கியரை நியூட்ரலில் வைத்து என்ஜினை ஓடவிட வேண்டும். கீழே படுத்திருப்பவர் ஃபேன், பெல்ட் ஆகியவற்றிலிருந்து கையை விலக்கி வைத்திருக்க வேண்டும்.

உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, சக்கரம் அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும், விட்டு விட்டுத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். கீழே இருப்பவர் ஸ்டீயரிங் தண்டிலிருந்து தொடங்கிச் சக்கரம்வரை ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். தண்டின் இணைப்பு திரும்பியதும் பாக்ஸின் உள்ளே செல்லும் ஷாஃப்ட் உடனே திரும்புகிறதா. உள்ளே செல்வது திரும்பியும், பாக்ஸிலிருந்து வெளிவரும் நெம்புகோலான பிட்மன் ஆர்ம் அசையாமல் நிற்கிறதா. பிட்மன் ஆர்ம் அசைந்ததும் டிராக் லிங்க் அந்தக் கணமே அசைகிறதா. டிராக் லிங்கின் மறுமுனை, டை ராடின் இரு முனைகள், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் என்று தொடர்ந்து, எந்த இடத்தில் ஒன்று அசைந்து அடுத்தது தாமதிக்கிறதோ அங்கே இடைவெளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி விரலுக்குத் தெரியும்: இணைப்பின் இரு பாகங்களையும் சேர்த்து உள்ளங்கையால் மூடிக்கொண்டால், திரும்பும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற சிறு தட்டல் தோலில் உணரப்படும். அவசரப்படாமல் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு நிமிடமாவது கொடுக்க வேண்டும். முதலில் கண்ணில் படும் தளர்ச்சியோடு சோதனையை நிறுத்திவிடுவது பெரிய தவறு; ஓர் இணைப்பு தேய்ந்திருந்தால், அதே பாதையில் ஓடிய மற்றவையும் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்பாக இருந்தால், டிராக் லிங்குக்கும் டை ராடுகளுக்கும் நடுவில் இருக்கும் திருப்பு நெம்புகோலான பெல் கிராங்க்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, கிராங்க் மேலும் கீழும் ஆடும் வண்டிகளில் டை ராடு எண்டுகளை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

ஜிம்னி, ராங்லர் போன்று காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைத்திருப்பது ஒரு முனையில் ஃபிரேமிலும் மறுமுனையில் ஆக்ஸிலிலும் பூட்டிய ஒற்றைக் கம்பிதான். இதைச் சிலர் லேட்டரல் ராடு என்றும் சிலர் டிராக் பார் என்றும் சொல்வார்கள். ஆட்டத்துக்கான காரணங்களில் முதலிடம் இதற்கே தர வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ரப்பர் புஷ் சற்றே நெளிவது இயல்பு. ஆனால் போல்ட் தன் துளைக்குள் நகர்ந்தால் அது இயல்பல்ல. துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிட்டால், போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது; பிராக்கெட்டைச் சரியான அளவில் வெல்ட் செய்து சீரமைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். போல்ட்டின் மரையுள்ள பகுதி துளைக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவே ரம்பம்போல் துளையை அறுக்கும் என்பதால், துளைக்குள் வழுவழுப்பான தண்டுப்பகுதி மட்டும் இருக்கும்படியான நீளத்தில் போல்ட் தேர்வு செய்ய வேண்டும்.

ஜிப்சியிலும் பழைய ஜீப்பிலும் இந்தக் கம்பியின் வேலையை லீஃப் ஸ்பிரிங்கே செய்கிறது. ஆகவே அங்கே ஸ்பிரிங் பட்டையின் கண் புஷ், பட்டையின் ஒரு முனையை ஃபிரேமோடு இணைத்து ஆடவிடும் ஷாக்கிளின் புஷ், பட்டையையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்திருந்தால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே துரு கலந்த பளபளப்பான தேய்ப்புத் தடம் தெரியும். பட்டைகளின் மையத்தில் செல்லும் நடு போல்ட் அறுந்திருந்தால் ஒரு பக்கச் சக்கரம் மற்றதைவிடப் பின்னால் போயிருக்கும். இரு பக்கமும் ஸ்பிரிங்கின் நிலையான கண்ணிலிருந்து ஆக்ஸில்வரை டேப் வைத்து அளந்தால் இது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை

இப்போது ஆக்ஸிலின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 எண்களின் இடத்தில் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்கிலா கிங் பின்னிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு: உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங் பின், அல்லது ராங்லர் வகையாக இருந்தால் அதன் இடத்தில் இருக்கும் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்டுக்கு இன்னொரு சோதனையும் தேவை: டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மேல்நோக்கி நெம்பும்போது, நக்கிளுக்கும் ஆக்ஸிலின் காதுக்கும் இடையே மேலும் கீழும் அசைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 3, 9 எண்களின் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டுகளின் தளர்ச்சி தெரியும்.

சுசுகி ஆக்ஸில்களின் உள்ளே இருப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜிப்சியிலும் ஜிம்னியிலும் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் போகாதபோது, காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். நக்கிளின் மேலும் கீழும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உள்ளன. அவற்றின் மீது கிங் பின்கள் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளுடன் பூட்டப்பட்டிருக்கும். இந்தப் பேரிங்குகள் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. நேராக ஓடும் நிலையிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பதால், ரோலர்கள் பேரிங் கப்பில் ஒரே இடத்தில் குழி பதித்துவிடும். நக்கிளைக் கையால் திருப்பும்போது நடுநிலையில் ‘பூட்டிக்கொள்வது’ போன்ற உணர்வு வந்தால் இந்தக் குழி விழுந்துவிட்டது என்று பொருள். ஆற்றில் இறக்கிய வண்டிகளில் நக்கிளின் வெளிச் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். ஆக்ஸிலின் உள் சீல் போயிருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெய் வெளியே வந்து கிரீஸைக் கரைத்து, சக்கரத்தின் உட்புறத்தில் கருப்புக் குழம்பாக வழியும். அந்தக் குழம்பைத் துடைத்துவிட்டு ஓட்டுபவர்கள் பலர். அது பேரிங் காய்வதற்கான அறிகுறி என்பதை உணர்பவர்கள் குறைவு.

பேரிங்கைச் சரியான இறுக்கத்தில் வைப்பதே இதன் நுட்பம். டை ராடு கழற்றிய நிலையில், நக்கிள் ஆர்மின் முனைத் துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக மெல்ல இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் விசையைப் படிக்க வேண்டும். சீல் இல்லாமல் அளக்கும்போது சிறிய சுசுகி ஆக்ஸில்களில் இது ஓரிரு கிலோ என்ற அளவில்தான் இருக்கும். உங்கள் மாடலுக்கான சேவைக் கையேட்டின் எண்ணே இறுதியானது. விசை குறைவாக இருந்தால் ஷிம்மை எடுத்து இறுக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சேர்க்க வேண்டும். இந்த இறுக்கம்தான் சக்கரத்தின் உதறலை முதற்கட்டத்திலேயே அடக்கும் உராய்வு. புதிய பேரிங் போட்டும் அளக்காமல் பழைய ஷிம்களையே கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஸ்டீயரிங் பாக்ஸ்

பாக்ஸை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள ஃபிரேம் தகட்டையும் முதலில் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்ட வண்டிகளில் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் ஸ்குரூவைத் திருகி எல்லாத் தளர்ச்சியையும் அங்கேயே போக்கிவிடலாம் என்பது ஆபத்தான குறுக்குவழி. சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் மட்டுமே, மிகச் சிறிய அளவில் அதைத் திருப்ப வேண்டும்; அதிகமாக இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவில் பிடித்துக்கொண்டு, வளைவில் திரும்பியபின் தானே நேராகாது. மற்ற இணைப்புகள் அனைத்தும் சரியான பிறகே இந்த ஸ்குரூவில் கை வைக்கலாம்.

மாற்றும்போது

டை ராடு எண்டில் பக்கவாட்டு அசைவு இருந்தால் மாற்றிவிட வேண்டும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால், இப்போது இறுக்கமாக இருந்தாலும் மணலும் தண்ணீரும் புகுந்த அந்த எண்டுக்கு ஆயுள் அதிகமில்லை. கழற்றுவதற்கு முன் இரு எண்டுகளின் மையங்களுக்கு இடையேயான நீளத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மரையின் தலையில் சுத்தியலால் அடிக்காமல், புல்லர் போட்டுப் பிரிக்க வேண்டும். பொருத்தும்போது டேப்பர் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேர்படவில்லை என்றால், நட்டை அடுத்த காடிவரை மேலும் இறுக்க வேண்டுமே தவிர ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது சில ரூபாய்களை மிச்சப்படுத்தி ஸ்டீயரிங்கைப் பணயம் வைப்பதாகும்.

ரப்பர் புஷ் உள்ள எல்லாப் போல்ட்டுகளையும், அதாவது லேட்டரல் ராடு, ஷாக்கிள், பட்டையின் கண் ஆகியவற்றை, வண்டியைத் தரையில் இறக்கி எடை முழுவதும் ஏறிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் நிரந்தரமாகத் திருகப்பட்டு, விரைவில் கிழிந்துவிடும். இறுக்கத்தை மனக்கணக்கில் விடாமல் டார்க் ரெஞ்சால் அளக்க வேண்டும்; ராங்லர் ஜேகே மாடலின் டிராக் பார் போல்ட்டுக்கு 125 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர் தேவைப்படுகிறது. வெறும் ஸ்பானரின் கைப்பிடி இறுக்கத்தில் இது பெரும்பாலும் வராது. யூ போல்ட்டுகளைக் கழற்றினால் புதியவற்றையே போட வேண்டும்.

கோணங்கள்

இணைப்புகள் தளர்ந்த வண்டிக்கு அலைன்மெண்ட் செய்வது பணத்தை வீணாக்குவது. எல்லாம் மாற்றிய பிறகே அதற்குப் போக வேண்டும். ரிஜிட் ஆக்ஸிலில் பொதுவாகத் திருகிச் சரிசெய்யக்கூடியது, சக்கரங்கள் முன்புறம் குவிந்தோ விரிந்தோ இருக்கும் அளவான டோ மட்டுமே. டயரின் டிரெட்டில் சாக்பீஸால் மையக்கோடு வரைந்து, ஆக்ஸிலின் உயரத்தில் முன்னும் பின்னும் டேப்பால் அளந்தால் வீட்டிலேயே ஓரளவு சரியாகப் பார்த்துவிடலாம். முன் அளவு, பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். முன்புறம் விரிந்திருந்தால் வண்டி அலையும்.

காஸ்டர்தான் உயர்த்திய வண்டிகளின் சிக்கல். ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்து, அதை நீளமானதாக மாற்றினால், ஆக்ஸிலின் தலை முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் குறையும். பின்முனையில் இருந்தால் கூடும். காயில் ஸ்பிரிங் வண்டியில் நீளமான ஸ்பிரிங் மட்டும் போட்டு, ஆக்ஸிலை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஆர்ம்களை மாற்றாமல் விட்டாலும் காஸ்டர் குறையும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைத் திருத்தலாம். ஆக்ஸில் பட்டையின் மேல் உட்காரும் வண்டியில் காஸ்டரைக் கூட்ட, ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலின் மேலே ஏற்றி மாற்றியமைத்த வண்டியில் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு முன்னைவிட மோசமாகிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. ஆப்பு இரும்பாலானதாக இருக்கட்டும். அலுமினியம் நாளடைவில் நசுங்கியும் வெடித்தும் விடுகிறது. காஸ்டர் குறைந்தால் வண்டி அலையும் என்பதற்காக அளவுக்கு மீறிக் கூட்டவும் கூடாது, ஏனெனில் மிகையான காஸ்டரும் உதறலைத் தூண்டும்.

காயில் ஸ்பிரிங் வண்டியை உயர்த்தியபோது டிராக் லிங்கும் லேட்டரல் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னால் நின்று பார்க்க வேண்டும். ஒன்று அதிகச் சாய்வாகவும் மற்றது கிடையாகவும் ஆகிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் வெட்டும்.

டேம்பர்

எல்லாம் முடிந்த பிறகு, கழற்றி வைத்த டேம்பரைக் கையால் இழுத்தும் தள்ளியும் பார்க்க வேண்டும். இரு திசையிலும் எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் எதிர்ப்பில்லாத வெற்று ஓட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் மாற்றலாம். டேம்பருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018, 2019 மாடல் ராங்லர்களில் எழுந்த புகார்களுக்கு ஃபியட் கிறைஸ்லர் நிறுவனமே 2019-இல் புதிய டேம்பரைத் தீர்வாக அறிவித்தது. ஆனால் அவை தேய்மானம் ஏறாத புதிய வண்டிகள். பத்து, இருபது ஆண்டு ஓடிய ஜிப்சிக்கு அதை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது.

சோதனை ஓட்டத்தை வெறிச்சோடிய நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, முன்பு ஆட்டம் வந்த வேகத்தை நோக்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். முன்பு ஆட்டத்தைத் தூண்டிய அதே வகைப் பள்ளத்தைக் குறைந்த வேகத்தில் முதலில் கடந்து பார்ப்பது பாதுகாப்பானது. உதறல் சற்றே எட்டிப்பார்த்தாலும் நிறுத்திவிட்டு, எடையுடன் செய்யும் சோதனையை முதலிலிருந்து மீண்டும் செய்ய வேண்டும், ஏனெனில் பெரிய தளர்ச்சி நீங்கிய பிறகுதான் சிறியது கண்ணுக்குத் தெரியும். எதுவும் வராவிட்டால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட், லேட்டரல் ராடு போல்ட், சக்கர நட்டு ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை இறுக்கி, நட்டின் மீதும் அருகிலுள்ள பாகத்தின் மீதும் சேர்த்து ஒரே பெயிண்ட் கோடு இட்டு வைக்க வேண்டும். அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது கீழே குனிந்து அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.